சந்தை இல்லாத புதன்கிழமை

ஓசூர்
14.6.2004

ப்ரியாவுக்கு,

மாமா எழுதுகிறேன். கவரில் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால் மிச்சத்தையும் படித்துவிடு. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் ரெண்டு வார்த்தைக்குள் பழைய சண்டை வந்துவிடும். என் மகன் சுபாஷைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நீ சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. நான் அதை மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் எழுதவும் எனக்கு வராது. இது வேறு விஷயம். வியாபார விஷயம் என்றே வைத்துக்கொள்.

போன வாரம் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் கிளவுஸ் கொடுக்கப் போனேன். ஸ்டோர்காரர் மூட்டையை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். "உங்க கிளவுஸப் போட்டுத்தான் எங்க ஆளுங்களுக்குக் கை இப்பிடி ஆவுது, பாருங்க" என்று ஒரு ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கையை விரிக்கச் சொன்னார். உள்ளங்கை முழுக்க வெடித்து, விரல் இடுக்கெல்லாம் சிவந்து உரிந்து, அந்த ஆளால் கையை மூடவே முடியவில்லை. இத்தனை வருஷமாகக் கிளவுஸ் விற்கிறேன். அதைக் கழற்றிய பிறகு உள்ளே இருக்கும் கையை ஒருநாளும் பார்த்ததில்லை. கிளவுஸால் வந்ததா, மெஷினில் ஊற்றும் கூலன்ட் எண்ணெயால் வந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல இங்கே ஒரு ஆள் இல்லை.

வியாபாரிகளும் சின்னக் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து ஜூஜுவாடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி நடத்துகிறோமே, அதில் நானும் கமிட்டி மெம்பர். தோலுக்கு என்று ஒரு டாக்டரைப் போட்டோம். நாலு மாசத்தில் போய்விட்டார். புது மாவட்டம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன், பேப்பரிலும் போட்டாயிற்று. பெங்களூரிலிருந்து ஒருவர் விசாரித்தார். முகத்தில் முடி எடுக்கிற மெஷின் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் போனை வைத்துவிட்டார்.

நீயும் தோல் டாக்டர்தானே, நீ வா. வாரத்தில் ஆறு நாள், காலையும் மாலையும். சம்பளத்தில் குறை வைக்க மாட்டேன்.

சுபாஷ் மாசம் ஒருதடவை சரக்கெடுக்கச் சென்னை வருகிறான். உன் விலாசம் தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியாது என்றான். உன் அம்மாவிடம்தான் வாங்கினேன். அக்கா முதலில் தரமாட்டேன் என்றாள், அதையும் எழுதிவிடுகிறேன்.

அழகர்சாமி மாமா

*

சென்னை
22.6.2004

மாமாவுக்கு வணக்கம்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஆனால் பிரித்தது மறுநாள்தான். நீங்கள் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

இனி பேச வேண்டியதையெல்லாம் எழுத்திலேயே வைத்துக்கொள்வோம். பேச்சில் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள், காகிதத்தில் இரண்டு பேருக்கும் சம இடம்.

நாலு மாதத்தில் போன டாக்டர் ஏன் போனார் என்று கேட்டீர்களா? நான் கேட்டேன். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவர் அவர். தங்கை கல்யாண மண்டபத்தில் இருந்தவரை, வெளியே நோயாளிகள் சத்தம் போடுகிறார்கள் என்று போன் போட்டு வரவழைத்தீர்களாம். ஒரு நாளில் அவர் பார்த்த கூட்டத்தை இங்கே நாங்கள் மூன்று பேர் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் கேட்க இன்னொருவர் கிடையாது. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க நேரம் கிடையாது. களிம்பு எழுதி, எழுதி, கடைசியில் அவருக்கே தான் டாக்டரா மருந்துக்கடையா என்று தெரியாமல் போய்விட்டதாம். உங்கள் டெம்போவைக்கூட வாரம் முழுக்க ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுகிறீர்கள், மாமா.

நான் வரத் தயார். ஆனால் ஒரு டாக்டராக வரமாட்டேன். இரண்டு பணியிடம் வேண்டும். இரண்டு பேர் இருந்தால்தான் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மற்றவர் வெளியே போகமுடியும். கம்பெனிகளுக்குள் போய் அந்த ஆபரேட்டர்கள் எந்த எண்ணெயில் கை வைக்கிறார்கள் என்று பார்க்க ஒரு நாள். அஞ்செட்டி மாதிரி பஸ் குறைந்த ஊருக்கு ஒரு நாள். நர்சுகளுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்க அரை நாள். முகம் வெளுக்கும் என்று நீங்கள் எல்லாரும் வாங்கிப் பூசும் ட்யூப் தோலை என்ன செய்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். மாலை வேளை கிடையாது. இதையெல்லாம் எழுதி வைத்து, கமிட்டி கையெழுத்துப் போடவேண்டும்.

சபையில் நான் சொன்னதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி இதில் எழுதமாட்டேன்.

மோகனப்ரியா

*

ஓசூர்
3.7.2004

ப்ரியாவுக்கு,

கல்யாண மண்டபத்துக்குப் போன் போட்டது நான்தான். இருக்கட்டும்.

உன் கடிதத்தைக் கமிட்டியில் படித்தேன். ரெண்டு டாக்டர் என்றதும் ஒருத்தர் சிரித்தே விட்டார். இதயத்துக்கே ஒருத்தர்தான் வைத்திருக்கிறோம், தோலுக்கு ரெண்டா, தோல் வியாதி யாரைக் கொன்றது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அந்தக் கேள்வி சரியாகத்தான் பட்டது. ஆனால் அந்த ஆபரேட்டர் கை கண்ணுக்குள்ளேயே நின்றது. அதனால் பேரம் பேசி ஒரு வழிக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

ஒரு பணியிடம் இப்போதே உறுதி. ரெண்டாவதுக்கு அஞ்செட்டியைப் பரீட்சை வைத்துப் பார்ப்பது. அங்கே வாரச் சந்தைக்கு மலை ஊர் எல்லாம் இறங்கி வரும். மாடு வரும், ராகி வரும், அத்தனை சனமும் வரும். அன்றைக்கு நடுச் சந்தையில் பந்தல் போட்டு உன்னை உட்கார வைக்கிறேன். கூட்டம் வந்தால் ரெண்டு பணியிடத்துக்கும் கையெழுத்து. எந்த ஊரில் கடை போடுவதாக இருந்தாலும் நான் முதலில் சந்தையன்றைக்குப் போய் நின்று பார்ப்பேன். இதுவரை தப்பியதில்லை.

பேனர், மைக், டெம்போ எல்லாம் என் பொறுப்பு. சுபாஷ் பார்த்துக்கொள்வான். இப்போது கடையில் பாதி அவன்தான். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன், கம்பெனி மேனேஜர் தோற்றான் போ. அவனுக்குப் பெண் பார்க்கிறோம். பிடிகொடுக்க மாட்டேன் என்கிறான். உன் அத்தை வீரலட்சுமி அதற்கும் உன்னைத்தான் திட்டுகிறாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் வந்துவிடு.

அழகர்சாமி மாமா

*

சென்னை
12.7.2004

மாமாவுக்கு,

சம்மதம். சந்தைக்குக் கூட்டம் வரும் என்பது எனக்கும் சரியாகவே படுகிறது. இங்கே வேலையை விடுவதாக இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் கடைசியோடு என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். இனி உங்கள் கமிட்டிதான் எனக்கு வேலை. அது தெரிந்தே நீங்கள் நடந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தை திட்டட்டும்.

மோகனப்ரியா

*

ஓசூர்
9.8.2004

ப்ரியாவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் ஆரம்பிக்கிறேன். சந்தைப் பந்தலைப் பிரித்ததும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. சந்தையில் கால் வைக்க இடமில்லை. புளியமரத்துக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் நடுவே பேனர். 'தோல் நோய், வெண்புள்ளி, தொழுநோய், படை: இலவச மருத்துவம்' என்று ஆளுயர எழுத்து. சுபாஷ்தான் எழுதி வாங்கி வந்தான், அவனே ஏணி போட்டுக் கட்டினான். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் மைக்கில் கூப்பிட்டோம். அத்தனை சனத்தில் உன் முன்னால் வந்து உட்கார்ந்தது யார்? பரு வந்த காலேஜ் பையன்கள். தலைப்பொடுகுக்கு ஒருத்தர். கமிட்டித் தலைவர் பந்தலுக்கு வந்து பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். அவ்வளவு பெரிய சந்தையில் நம் பந்தலைச் சுற்றி மட்டும் வட்டம் போட்ட மாதிரி காலி. முப்பது வருஷ வியாபாரத்தில் அப்படி ஒரு காலியை நான் பார்த்ததில்லை.

நேற்றுக் கமிட்டி கூடியது. ரெண்டாவது பணியிடம் கிடையாது. முதலாவதும் வேண்டாம், மாசம் ரெண்டு தடவை வெளியூர் டாக்டர் வந்து போனால் போதும் என்றார்கள். நானும் எதிர்த்துப் பேசவில்லை. சரக்கு போகாத ஊரில் கடை போடச் சொல்லி அடுத்தவனிடம் எப்படிச் சொல்வேன்? இந்த மாவட்டத்தில் தோல் வியாதி நாம் நினைத்த அளவு இல்லை போலிருக்கிறது.

நீ வேலையை விட எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா பார்.

அழகர்சாமி மாமா

*

சென்னை
17.8.2004

மாமாவுக்கு,

திரும்ப வாங்க முடியாது. என் நாற்காலிக்கு ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் வெளிநோயாளிகளைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பணியிடம் போனதுகூட இல்லை. 'நானும் எதிர்த்துப் பேசவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

அன்றைக்கு பஸ் ஏறிய பிறகு நடந்ததைக் கேளுங்கள். தேன்கனிக்கோட்டை பஸ். சந்தை முடிந்து மூட்டையும் கோழியுமாக நெரிசல். என் பக்கத்தில் ஒரு அம்மாள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சென்னம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயரைச் சொல்லமாட்டேன். அவருடைய ஊர்க்காரர்கள் இறங்கும்வரை பேசவில்லை. இறங்கிய பிறகு, முந்தானையை விலக்கி முழங்கையை என் மடியில் வைத்தார். நான் டாக்டர் என்று அவருக்குத் தெரியும். காலையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் துணிக்கடை ஓரமாக நின்றிருக்கிறார். தேமல் போல ஒரு தடம், தொட்டால் உணர்ச்சி இல்லை, தொழுநோயின் ஆரம்பம். மாத்திரை சாப்பிட்டால் போய்விடும், மாமா. விட்டால் கை மடங்கிவிடும்.

ஏன் பந்தலுக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"எம் பொண்ண பாக்குறதுக்கு மாப்ள வூட்டாருங்க சந்தைக்கு வந்துருந்தாங்கம்மா. நீங்க அந்தப் பேரப் போட்டு மைக்குல கூப்புடுறீங்க. நான் எப்படி வர்றது?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நம் இரண்டு பேருக்குமே இது தோன்றவில்லை. காய்ச்சலும் வயிற்றுவலியும் கூட்டத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. தோல் அப்படியில்லை. நாலு ஊர்க் கண்ணும் கூடுகிற இடத்துக்கு அவர்கள் துணியைப் போர்த்திக்கொண்டுதான் வருவார்கள், விலக்க வரமாட்டார்கள். சென்னையில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏன் எங்கெங்கோ இருந்து ராத்திரி பஸ்ஸில் வருகிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. மருந்து பெரிதென்று வரவில்லை, தெரிந்த முகம் இருக்காது என்று வருகிறார்கள். உங்கள் பந்தலைச் சுற்றி இருந்த அந்தக் காலி வியாதி இல்லாததால் வந்ததில்லை.

கமிட்டியிடம் இன்னும் ஒரு தவணை கேளுங்கள். சந்தை இல்லாத ஒரு புதன்கிழமை. என்னோடு தோல் மருத்துவம் படித்த ரோஷன் பெங்களூரில் இருக்கிறான், அன்றைக்கு எனக்குப் பதில் அவன் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். பேனர் வேண்டாம், மைக் வேண்டாம். அஞ்செட்டியில் பின்வாசல் உள்ள வீடு ஒன்று பிடியுங்கள். உங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் லூர்தம்மாள் முன்கூட்டியே போய், பால் ஊற்றுகிற இடத்திலும் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற இடத்திலும் பெண்கள் காதில் போட்டு வைக்கட்டும்.

நீங்களும் போகவேண்டும். டெம்போவில் வேண்டாம், பஸ்ஸில் போங்கள். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து ஆள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். உள்ளே போகாதீர்கள். இதை மறக்காதீர்கள்.

மோகனப்ரியா

*

ஓசூர்
20.9.2004

ப்ரியா,

புதன்கிழமை முடிந்து இன்று திங்கள். தினமும் பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இடையில் கோபப்படாதே.

உன் பேச்சைக் கேட்டு டீக்கடையில்தான் உட்கார்ந்தேன். கடைக்காரர் திம்மப்பன். முதல் பஸ்ஸில் நாலைந்து பேர் இறங்கினார்கள். யாரும் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. சரிதான், இதுவும் போச்சு என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வீட்டின் பின்பக்கம் சோளக்காட்டு வரப்பில் ஆள் நடமாட்டம். முக்காடு போட்ட பெண்கள். தலையில் புல்லுக்கட்டோடு ஒருத்தி, மாத்திரை வாங்கிக்கொண்டு அதே புல்லுக்கட்டோடு திரும்பிப் போகிறாள். கர்நாடகா பக்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டி வந்தவர்களும் இருந்தார்கள் என்று பிறகு லூர்தம்மாள் சொன்னார். ஊரே பார்க்காமல் ஒரு ஊர் வந்துகொண்டிருந்தது.

அதற்கு மேல் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. நான் வியாபாரி, கூட்டத்தைக் கண்டால் கால் நிற்காது. பின்பக்கமாகப் போனேன். லூர்தம்மாள் ஒற்றை ஆளாக டோக்கனும் கொடுத்து மருந்தும் கட்டித் தவித்துக்கொண்டிருந்தார். டோக்கனை என்னிடம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தேன். ஜன்னலில் பாதிக்குப் பலகை அடித்திருந்தார்கள். வெளியே நிற்பவர் முகம் தெரியாது, நீட்டுகிற கை மட்டும் தெரியும். கையில் டோக்கனை வைப்பேன், பேரைக் கேட்டு எழுதுவேன். கை கையாக வந்தது, ப்ரியா. விதவிதமான கை.

ஒரு கை வந்தது. முழுக்கைச் சட்டை. பட்டனைக் கழற்றி மேலே ஏற்றியிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் வரை பால் சிந்தின மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தடம். பேர் என்ன என்றேன். "மாதேஷ்" என்றது குரல். அந்தக் குரலுக்கு முன்னாலேயே எனக்குக் கைக்கடிகாரம் தெரிந்துவிட்டது. அவன் கடைப் பொறுப்பை ஏற்ற அன்றைக்கு நான் வாங்கிக் கட்டிவிட்டது.

குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தேன். அவனும் குனிந்தான்.

என் கையில் டோக்கன் அப்படியே இருந்தது. அவன்தான் பேசினான். "அப்பா, டோக்கனக் குடுங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

கொடுத்தேன். மாதேஷ் என்றே எழுதினேன். அடுத்த ஆள் என்று கூப்பிட்டேன். பிறகு நீட்டிய கை எதுவும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தோம். தேன்கனிக்கோட்டை தாண்டிய பிறகு அவனே சொல்ல ஆரம்பித்தான். ஆர்டர் எடுக்கப் போகிறேன் என்றுதான் காலையில் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். மாசாமாசம் சென்னைக்கு ஓட முடியவில்லை, அஞ்செட்டியில் நம்மை யாருக்குத் தெரியும் என்று நினைத்து வந்தானாம். நான் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்ததிலிருந்தே புதன்கிழமை விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு சொன்னான்:

"ப்ரியா என்ன வேண்டாம்னு சொல்லலப்பா. நான்தான் சொல்லச் சொன்னேன். அப்பதான் இது முதல்ல வந்துச்சு. உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அவ தலையில தூக்கி வச்சுட்டேன்."

அந்த பேனர், ப்ரியா. 'வெண்புள்ளி' என்று இன்னும் பெரிசாகப் போடு, தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று அவனிடம் சொன்னது நான். கொட்டை எழுத்தில் எழுதி வாங்கி, ஏணியில் ஏறிக் கட்டிவிட்டு, அதற்குக் கீழேயே பொழுதுக்கும் முழுக்கைச் சட்டையோடு நின்றான்.

வியாழக்கிழமை கமிட்டி. ரெண்டு பணியிடமும் வேண்டும், அஞ்செட்டிக்குப் புதன்கிழமை, கம்பெனிகளுக்கு ஒரு நாள், மாலை டூட்டி இல்லை, லீவு எடுத்தால் யாரும் போன் போடக்கூடாது, நீ எழுதினபடியே எல்லாம் வேண்டும் என்றேன். போன மாசம் வாயைத் திறக்காமல் இருந்தீரே, இப்போது என்ன வந்தது என்று தலைவர் கேட்டார். போன மாசம் நான் சந்தையைத்தான் பார்த்தேன், ஊரைப் பார்க்கவில்லை என்றேன். சோளக்காட்டு வரப்பைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலைப் பற்றிச் சொல்லவில்லை. தோல் வியாதி யாரைக் கொன்றது என்று அன்றைக்குக் கேட்டவர் இந்தத் தடவை கேட்கவில்லை. கையெழுத்தான காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ரெண்டாவது பணியிடத்துக்கு ரோஷன் தம்பியும் சரி என்றுவிட்டார்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். மூன்று வருஷம். நான் உன்னை என்னவெல்லாம் பேசினேன், அக்கா வீட்டு வாசலில் நின்று பேசினேன். நீ வாயே திறக்கவில்லை. அவன் உன்னிடம்தான் வைத்தியம் பார்த்தானா? உனக்கு எல்லாம் தெரியுமா?

மாமா

*

சென்னை
27.9.2004

மாமாவுக்கு,

கமிட்டியின் காகிதம் கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஓசூர் வருகிறேன். நர்சுகளுக்கான வகுப்பை முதல் வாரமே வைத்துவிடலாம், லூர்தம்மாளிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஆபரேட்டர் எந்தக் கம்பெனி என்று குறித்து வையுங்கள், அவர் கையைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன். சென்னம்மாள் என்று நான் எழுதியவர் புதன்கிழமை வந்தாரா என்று நானே போய்த் தெரிந்துகொள்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். என்னிடம் யார் வந்தார், யார் வரவில்லை என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அம்மாவிடம் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லமாட்டேன். நாளைக்கு உங்கள் கையில் ஒன்று வந்து நீங்கள் என்னிடம் காட்டினாலும், அத்தை வந்து கேட்டால் இதே பதில்தான் கிடைக்கும்.

பணித் திட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. கமிட்டியில் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உள்ளூர்க்காரர் யாரும் உட்காரக்கூடாது. பெயர் கேட்கக்கூடாது, எண் போதும்.

இது முதலில் உங்களுக்குத்தான், மாமா. டீக்கடையில் உட்காருங்கள். திங்கட்கிழமை என்னை அழைத்துப்போக பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் வந்தால் நல்லது. வேறு யாராவது வந்தாலும் நல்லதுதான்.

மோகனப்ரியா